கவர் இருக்கா?

ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி வரிசையாக ஆறு பெட்டிக்கடைகள். மூன்றாவது கடையில் டீ. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு அடுப்பும் ஒரு பலகையும், பின்னால் ஒரு கட்டில் கிடக்கும் அளவுக்கு இடம், நடுவில் நீலத் தார்ப்பாய்த் திரை. திரைக்கு முன்னால் மனைவி நின்று டீ ஆற்றுவாள். திரைக்குப் பின்னால் புருஷன் படுத்திருப்பான். அவனுக்கு வேலை இருமுவது.

கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த வரிசையே அந்த இருமலைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு மூட்டை என்று பேர். அதே ஆஸ்பத்திரியின் சாமான் கிடங்கில் சுமை தூக்கினவன். மற்றவர்கள் ஒன்று தூக்கினால் இவன் இரண்டைச் சேர்த்து முதுகில் ஏற்றுவான் என்பதால் வந்த பேர். நோய்க்காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்களை வார்டு வார்டாக உருட்டிக்கொண்டு போனான். அடுத்தவனுக்குக் காற்று சுமந்தவனுக்குக் கடைசியில் தன் காற்றுப் போதவில்லை. பிழைத்து வந்தான், அவ்வளவுதான். இனி கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோளிலிருந்து எல்லாம் இறங்கிவிட்டது, பேர் மட்டும் இறங்கவில்லை.

மனைவிக்குக் கெட்டில் என்று பேர். சீக்கிரம் சூடாகிச் சத்தம் போடுவாள் என்பது ஒரு காரணம். கைப்பிடி இல்லாமல் தொட்டால் சுடும் என்பது இன்னொரு காரணம், அது மூட்டை மட்டும் சொல்வது.

கடை நடத்துவதைவிடச் சட்டம் படிப்பது சுலபம் என்று அவள் சொல்வாள். முதலில் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. "பாத்திரம் கொண்டு வாங்க" என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். ஜனங்கள் திட்டிக்கொண்டே பழகினார்கள். பழகி முடிவதற்குள் நோய் வந்தது. யார் பாத்திரத்தையும் தொடாதே, பார்சல் மட்டும் கொடு என்றார்கள். அட்டையைத் திருப்பி, "பாத்திரம் கொண்டு வராதீங்க" என்று எழுதினாள். பிறகு நின்று குடிக்கலாம், உட்காரக் கூடாது என்றார்கள். பிறகு உட்காரலாம், பேசக் கூடாது என்றார்கள். மதிலுக்கு உள்ளே முகக்கவசம் கட்டாயம், வெளியே விருப்பம் என்று ஒரு உத்தரவு வந்தபோது, மதிலிலேயே ஒட்டியிருக்கும் கடை உள்ளேயா வெளியேயா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் முகக்கவசத்தை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பாதி உள்ளே பாதி வெளியே என்று நின்றாள். அட்டையில் எழுத இடம் தீர்ந்துபோனது.

பார்சல் காலத்தில்தான் ஆறு கடைக்காரர்களும் சேர்ந்து, தனித்தனியாக வாங்கினால் கட்டாது என்று, மொத்த வியாபாரியிடம் பிளாஸ்டிக் கவர்களைக் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, சரக்கு வந்து இறங்கிய சூட்டோடு பழைய தடை திரும்ப வந்தது. வியாபாரி திருப்பி எடுக்கமாட்டேன் என்றான். தூக்கிப் போடவும் ஒருவருக்கும் மனசில்லை. சரக்கை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, முதல் கடைப் பழக்காரிதான் வழி சொன்னாள். வரிசைக்கு மூத்தவள், அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"மூட்டையோட கட்டிலுக்கு அடியில தள்ளு. இருமுற மனுஷன் கட்டிலுக்கு அடியில எந்த ஆபீசர் குனிஞ்சு பார்ப்பான்?"

அப்படித்தான் ஆயிற்று. நான்கு சாக்குகள் கட்டிலுக்கு அடியில் போயின. அவரவர் காலையில் வந்து தேவைக்கு உருவிக்கொண்டு போவார்கள். உயிர் போகிற அவசரத்தில் வெறுங்கையோடு ஓடிவருகிற ஆஸ்பத்திரிக் கூட்டம், பாத்திரத்துக்கு எங்கே போகும்?

சோதனைக்கு வருகிற ஆபீசர் மூக்குக்கண்ணாடி போட்டவர். முகக்கவசத்துக்குள்ளிருந்து வருகிற மூச்சு பட்டுக் கண்ணாடி எப்போதும் புகைந்திருக்கும். பலகையிலிருந்து நாலடி தள்ளி நின்று கேட்பார்:

"கவர் இருக்கா?"

அந்தக் கேள்விக்கு அந்த வரிசையில் இரண்டு அர்த்தம் இருந்தது. கெட்டில் ஒரு அர்த்தத்துக்குப் பதில் சொல்வாள்: "இல்ல சார்." மூட்டை இன்னொரு அர்த்தத்துக்குப் பதில் சொல்வான். இரண்டு தடவை இருமிவிட்டு, திரையின் கிழிசல் வழியாகக் கையை நீட்டுவான். கையில் ஒரு தபால் கவர் இருக்கும். ஆறு கடையும் சேர்ந்து போட்டது. ஆபீசர் அதன்மேல் பாட்டிலிலிருந்து கிருமிநாசினியை ஷ்ஷ் என்று அடித்து, காகிதத்தால் பிடித்து, பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். வாங்குகிற காசுக்குக் கூட நோய் வந்துவிடக் கூடாது என்று அவருக்குக் கவனம். உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. இருமல் அந்தக் கதவுக்குப் பூட்டு.

அவர் வருவது தெரிந்தால் ஐந்தாம் கடை ஜூஸ்காரர் மிக்சியைச் சும்மா ஓட்டுவார். காலி ஜாரின் சத்தம் தனியாகக் கேட்கும். அதுதான் சைகை.

அன்றைக்குக் கரண்ட் இல்லை.

மதிய வெயிலில் தார்ப்பாய் கொதித்தது. காற்றாடி நின்றுபோனதால் மூட்டை சட்டையைக் கழற்றிவிட்டு அரைத்தூக்கத்தில் கிடந்தான். வெளியே யாரோ ஒரு ஆள் மூச்சிரைக்க வந்து, "பார்சல் டீ ஒண்ணும்மா, பெஞ்சாதிக்கு, ஆபரேசன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருக்கா, கையில ஒண்ணுமில்ல" என்றான். மனைவி இடுப்பில் செருகியிருந்த கவரை உருவும் சரசரப்பு மூட்டைக்குக் கேட்டது. டீ உள்ளே விழும் சத்தம், நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்கும் சத்தம். கண்ணை மூடியபடியே அவனால் அவள் கையைப் பார்க்க முடியும். அந்த ஆள் ஓடினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல்:

"கவர் இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் மனைவி. உடனே மறுபடியும், கொஞ்சம் அழுத்தி, "இல்லவே இல்ல சார்."

இரண்டாவது "இல்ல" ஆபீசருக்கு இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கும் தனக்குச் சொன்ன எச்சரிக்கை என்பது மூட்டைக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அப்போது உறைக்கவில்லை. மிக்சி ஓடவில்லையே என்றும் தோன்றவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து கவரை எடுத்தான், இரண்டு தடவை இருமினான், கிழிசல் வழியாகக் கையை நீட்டினான்.

கை வெளியே, உடம்பு உள்ளே. அப்படியே கிடந்தான்.

ஷ்ஷ் என்ற சத்தம் வரவில்லை.

கையை இழுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தான். அதற்குள் யாரோ கவரை மெதுவாக விரலிலிருந்து உருவினார்கள். காகிதம் பிரிகிற சத்தம்.

"இது என்ன?"

பழைய குரல் இல்லை. இளசான குரல்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மூட்டை கையால் கெட்டான்.

"அது... லெட்டர் கவர் சார்" என்றாள் மனைவி.

"லெட்டர் எங்க? உள்ள பணம்ல இருக்கு." ஆபீசர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, வீடியோ ஓடுதா?"

"ஓடுது சார்" என்றது இன்னொரு குரல்.

"நான் பிளாஸ்டிக் கவர் இருக்கான்னு கேட்டேன். நீங்க என்ன கொடுத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியுதாம்மா? அரசாங்க ஊழியருக்கு லஞ்சம். பிளாஸ்டிக்குக்கு அபராதம் கட்டிட்டுப் போயிடலாம். இதுக்குப் போக முடியாது."

"தெரியாம நடந்திடுச்சு சார். அவருக்கு உடம்பு முடியல, தூக்கத்துல..."

"தூக்கத்துல பணத்தைக் கவர்ல போட்டு நீட்டுவாரா?" என்று கேட்டுவிட்டு ஆபீசர் திரும்பிச் சொன்னார்: "ஸ்டேஷனுக்குப் போன் போடு. ஒரு பெண் போலீசை அனுப்பச் சொல்லு."

மூட்டை எழுந்து உட்கார்ந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷன். அந்த வார்த்தை அவளை என்ன செய்யும் என்று அவனுக்குத்தான் தெரியும். ஊரடங்கு சமயத்தில், இரண்டு மணி நேரம் திறக்கலாம் என்ற உத்தரவை நம்பிக் கடையைத் திறந்தாள். உத்தரவு காலையிலேயே மாறிவிட்டது அவளுக்குத் தெரியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை. முற்றத்து வெயிலில் வட்டம் போட்டு, இனிமேல் கடை திறக்கமாட்டேன் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டி, பொழுது சாய்கிறவரை நிற்க வைத்தார்கள். தண்ணீர் கேட்டதற்கு, டீ போட்டுக் குடி என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே படுத்தாள். பேச்சு வர நாளாயிற்று. அதற்கப்புறம் காக்கி உடுப்பைக் கண்டால் டம்ளரைக் கீழே போட்டுவிடுவாள். இதை வரிசையில் ஒருவருக்கும் அவள் சொன்னதில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். வெயிலில் கண் கூசியது. பலகைக்கு முன்னால் ஒல்லியாக ஒரு ஆபீசர், பக்கத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஒரு உதவியாள். ஆபீசரின் முகக்கவசம் மூக்கின்மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லை. நேராகப் பார்த்தார்.

மனைவி அவன் பக்கம் திரும்பவில்லை. அடுப்பை அணைத்தாள். மிச்சப் பாலைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி மூடினாள். சர்க்கரை டப்பாவை இறுக்கினாள். பலகையைத் துடைத்தாள். ஊருக்குக் கிளம்புகிறவள் வீட்டை ஒழுங்கு பண்ணுவதுபோலப் பண்ணினாள். கெட்டில் கத்தியிருந்தால் அவனுக்குப் பயம் வந்திருக்காது.

"நான்தான் சார் கொடுத்தேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

"நீங்க யாரு?"

"புருஷன்."

"கடை லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

மனைவி சொன்னாள்: "என் பேர்ல."

"அப்ப கொடுத்தது கடைக்காரி கணக்குலதான் வரும்."

"கை என்னோடது சார்."

"கை உங்களோடது. கடை அவங்களோடது."

மூட்டைக்கு இருமல் வந்தது. இது வேலைக்காக வந்ததில்லை, தானாக வந்தது. குனிந்து பலகையைப் பிடித்துக்கொண்டு இருமினான். பழைய ஆபீசராக இருந்தால் இதற்குள் எதிர்ச்சாரிக்கு ஓடியிருப்பார். இவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எனக்கும் வந்து போயிடுச்சு. ரெண்டு தடவை. அம்மாவுக்கும் வந்துச்சு, அவங்க போயிட்டாங்க. இருமலுக்குப் பயந்தெல்லாம் போறவன் இல்ல நான். உட்காருங்க."

உட்காரச் சொன்னது மரியாதையா மிரட்டலா என்று தெரியவில்லை. மூட்டை உட்காரவில்லை.

ஆபீசர் கவரைப் பலகைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்தார், காற்றில் பறக்காமல் இருக்க. அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"தகவல் வந்துதான் வந்திருக்கேன். இந்த வரிசையில எங்கேயோ மொத்தமா சரக்கு இருக்கு. முன்னாடி இருந்தவர் ஏன் கண்டுபிடிக்கலைன்னு இப்பப் புரிஞ்சுடுச்சு. லஞ்சக் கேஸ் எழுதினா கோர்ட்டுக்கு நானும்தான் அலையணும். எனக்கு அது வேணாம். எனக்கு வேண்டியது பிளாஸ்டிக்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் கேட்டது ஒரு கவர். நீங்க கொடுத்தது ஒரு கவர். எதை எழுதணும்னு நீங்களே சொல்லுங்க. போலீஸ் வர்றதுக்குள்ள சொல்லுங்க."

மூட்டை வரிசையைப் பார்த்தான்.

பழக்காரி திராட்சைக் கொத்துமேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கை ஈயை ஓட்டியது, தலை லேசாக இரண்டு பக்கமும் ஆடியது. வேண்டாம் என்று ஆடியது. ஜூஸ்காரர் தன் கடைக்கு முன்னால் வந்து கைகட்டி நின்றார். நாலாம் கடை ரொட்டிக்காரர் உள்ளே போய் எதையோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டினார். சாக்குகள் மூட்டையின் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தன. ஆனால் அவை மூட்டையின் சாக்குகள் இல்லை. அவன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இதே பழக்காரிதான் தினம் ஒரு ஆளை அனுப்பி அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாள். இதே ஜூஸ்காரர்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வண்டி ஓட்டினார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று யாரிடம் கேட்பது?

"ஏங்க" என்றாள் மனைவி. அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "உள்ள போய்ப் படுங்க. நான் போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வர்றியா?"

"ஆமா. போனா வரமாட்டாங்களா என்ன?"

சொல்லிக்கொண்டே காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். வார் மாட்டவில்லை. குனிந்து மாட்டப் பார்த்தாள். விரலுக்குள் அகப்படாமல் வார் வழுக்கி வழுக்கிப் போனது. டீக் கவருக்கு ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுகிற விரல்.

மூட்டை திரையைப் பிடித்து இழுத்தான். அது கயிற்றோடு அறுந்து விழுந்தது. கட்டில் வெளிச்சத்துக்கு வந்தது. மண்டியிட்டு முதல் சாக்கைப் பிடித்து இழுத்தான். இரண்டாவது கட்டில் காலில் மாட்டி, பக்கவாட்டில் கிழிந்து, கவர்கள் கொத்துக்கொத்தாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. வெள்ளை, கறுப்பு, கோடு போட்டது. முட்டிவரைக்கும் வந்தன. தூக்கிக் காட்டினான். வாழ்நாளில் அவன் தூக்கியதிலேயே லேசான மூட்டை அதுதான், அதற்கே நெஞ்சு விசில் அடித்தது.

"கவர் கேட்டீங்களே சார். இதான் கவர்."

பழக்காரி ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஆபீசர் உள்ளே வந்தார், குனிந்தார், ஒவ்வொரு சாக்காகப் பிரித்துப் பார்த்தார். உதவியாள் செல்போனோடு பின்னாலேயே வந்தான்.

"யாரோடது இதெல்லாம்?"

"எங்களோடது."

"எல்லாமா?"

"எல்லாம்."

ஆபீசர் நாலாவது சாக்கிலிருந்து ஒரு கட்டை வெளியே எடுத்தார். ஸ்ட்ரா. சிவப்பும் மஞ்சளுமாக, பிரிக்காத கட்டு.

"உங்க கடையில டீயை ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கிறாங்களா?"

மூட்டை ஜூஸ்காரர் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டான்.

"சூடு தாங்காதவங்க உறிஞ்சுவாங்க சார்."

கூட்டத்தில் யாரோ களுக் என்று சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. வரிசையை ஒரு தடவை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். யார் ஸ்ட்ரா, யார் பழக்கவர் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எவராவது ஒருவர் ஒரு அடி முன்னால் வந்து இதில் எங்களதும் இருக்கிறது என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாரோ என்னவோ. அந்த நேரத்தில் மூட்டையும் காத்திருந்தான். ரொட்டிக்காரர் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சரக்குக்கு அபராதம் பத்தாது. கடைக்குச் சீல்" என்றார் ஆபீசர். உதவியாளிடம், "ஸ்டேஷனுக்குச் சொல்லிடு, ஆள் வேணாம்னு."

"வீடியோவை அழிச்சிடட்டுமா சார்?"

"இருக்கட்டும்."

அந்த "இருக்கட்டும்" எதற்கு என்று மூட்டைக்குப் புரிந்தது. டம்ளருக்கு அடியிலிருந்த தபால் கவரை ஆபீசர் விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளினார். அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுப்பையும் கெட்டிலையும் பாலையும் கட்டிலையும் வெளியே எடுத்துக்கொள்ள விட்டார்கள். பலகைக் கதவை இறக்கிப் பூட்டி, துணி சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றினார்கள். சாக்குகளை வண்டிவரைக்கும் கொண்டுவந்து போடும்படி ஆபீசர் சொன்னார். மூட்டை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனான். நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஜூஸ்காரர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நடையில் அவர் முகத்தைத் திருப்பினார். கடைசி நடையில் துப்பினார், இவன்மேல் இல்லை, இவன் வழியில்.

வண்டி போனது. நடைபாதையில் அடுப்பும் கெட்டிலும் பால் பாத்திரமும் கட்டிலும் வீடு காலிபண்ணின சாமான் மாதிரிக் கிடந்தன. இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"குரலை வெச்சு ஏமாந்துட்டேன்" என்றான். "திரையை விலக்கி முகத்தைப் பார்த்திருக்கணும்."

"ஆமா, ரெண்டு வருஷமா ஊர்ல எவன் முகத்தை எவன் பார்த்தான், நீ பார்க்கிறதுக்கு."

நீ என்றாள். கோபம் வந்துவிட்டது என்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வரிசை அவர்களைத் தேடி வந்தது. முன்னால் ஜூஸ்காரர், பின்னால் ரொட்டிக்காரர், இன்னும் இரண்டு பேர். பழக்காரி தன் கடையைவிட்டு இறங்கவில்லை, அங்கிருந்தே பார்த்தாள்.

"ஏண்டா மூட்டை, ஒரு வார்த்தை கேட்டியாடா எங்களை?"

"கேக்க நேரம் இல்லண்ணே. போலீஸ் கிளம்பிடுச்சு."

"வந்தா என்ன? தலையையா வாங்கிடுவான்? சாயங்காலம் நாங்களே போய்க் கூட்டிட்டு வந்திருப்போம். எத்தனை பேரு போயிட்டு வரல?"

மூட்டைக்குச் சொல்ல வாய் வந்தது. முற்றம், வட்டம், அட்டை. மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. சொல்லாதே என்று அர்த்தம்.

"எங்க சரக்கை யாருடா தருவா?" என்றார் ஜூஸ்காரர்.

"நேரா ஆபீசுக்குப் போங்கண்ணே" என்றாள் மனைவி. "அந்த ஸ்ட்ரா என்னோடதுன்னு சொல்லிக் கேளுங்க. ரசீதோட தருவாங்க. இவ்வளவு நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? அப்பவே கேட்டிருக்கலாமே."

"உன் புருஷன் நீட்டின கைக்கு நாங்க ஏம்மா பதில் சொல்லணும்?"

"அவரு நீட்டின கவருக்குள்ள உங்க காசும்தானே இருந்துச்சு."

பதில் இல்லாதவனுக்குத்தான் குரல் கூடும். கூடியது. ஜூஸ்காரர் துரோகி என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். மூட்டை எழுந்து நின்றான். எழுந்ததும் மூச்சு வாங்கியது. பழைய மூட்டையாக இருந்தால் அவரைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டிருப்பான். இப்போது எழுந்ததே பெரிய வேலை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது, குரல் தானாக இறங்கியது. அது அடி வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

"போதும்" என்றாள் பழக்காரி, அங்கிருந்தே. "இங்க வாடி கெட்டில்."

மனைவி போனாள். பேசியது மூட்டைக்கும் கேட்கத்தான் பேசினாள்.

"என் கடைக்குப் பக்கத்துல கூடையை நகர்த்தித் தர்றேன். அடுப்பை வெச்சுக்கோ. சீல் எடுக்கிறவரைக்கும் அங்கயே ஓட்டு. பாத்திரம் கொண்டு வர்றவனுக்கு மட்டும் ஊத்து."

"சரிக்கா."

"ஆனா அவன் இந்தப் பக்கம் வரக் கூடாது. என் வாயால திட்டவும் மனசு வரல, பார்த்துட்டுச் சும்மா இருக்கவும் முடியல. உனக்காக அவன் பண்ணினான், எனக்குப் புரியுது. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேட்டா, உனக்காக எங்க எல்லாரையும் காட்டுவான். அதுவும் புரியுது."

மூட்டை மனைவியின் முதுகைப் பார்த்தான். இப்போது கத்துவாள் என்று நினைத்தான். அவர் வராத இடத்தில் எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு வருவாள் என்று நினைத்தான். அவள் பழக்கூடைகளைப் பார்த்தாள். இடத்தைக் கண்ணால் அளந்தாள்.

"தண்ணி எங்கக்கா பிடிக்கிறது?" என்று கேட்டாள்.

ரொட்டிக்காரர் வந்து அடுப்பை ஒரு பக்கம் பிடித்தார். மனைவி மறுபக்கம் பிடித்தாள். கட்டிலை யாரும் தொடவில்லை. மூட்டை அதைத் தலைகீழாகத் திருப்பி முதுகில் ஏற்றினான். டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, இருந்தாலும் ஏற்றினான். சாலையைக் கடந்தான். இரண்டு தடவை நின்று மூச்சுப் பிடித்தான். எதிர்ச்சாரியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக, நோயாளிகளோடு வந்தவர்கள் பையும் பாயுமாகக் கிடக்கிற மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கிழவர், "யாருக்கு உடம்பு முடியல?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

கரண்ட் வந்தது. ஜூஸ்காரரின் மிக்சி ஓடியது, உள்ளே பழத்தோடு. எதிரே அடுப்பு எரிந்தது. தூக்குவாளியும் பிளாஸ்க்கும் சொம்புமாக ஆட்கள் வந்து நின்றார்கள். வெறுங்கையோடு வந்த ஒருத்தியிடம் மனைவி கையை விரித்தாள். அந்தப் பெண் கெஞ்சினாள். மனைவி மறுபடியும் விரித்தாள். கெட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு தடவைகூட அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரு டம்ளரைத் தட்டால் மூடிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். ஒரு காதில் முகக்கவசம் தொங்கியது. நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்காரவில்லை.

"சீக்கிரம் குடிச்சிட்டு டம்ளரைக் குடுங்க" என்றாள். "பழக்கார அக்காவோடது. அங்க எண்ணி வெச்சிருக்காங்க."

நீங்க என்றாள். அவன் ஊதாமல் குடித்தான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.